கொழுப்புக்கு இடமில்லாத உடல்

கொழுப்பு என்ற சொல்லைக் கேட்டவுடன் நமக்குத் தொந்தியும் மாரடைப்பும் நினைவுக்கு வருகின்றன. உடம்பில் துளிக் கொழுப்பும் இல்லாமல் இருந்தால் எவ்வளவு நல்லது என்று ஒரு முறையாவது எண்ணாதவர் குறைவு. மிக அரிதாகச் சிலருக்கு இயற்கை அத்தகைய உடலையே கொடுத்துவிடுகிறது. தோலுக்கு அடியில் இருக்கவேண்டிய கொழுப்புப் படலம் இல்லாமல் அவர்கள் பிறக்கிறார்கள். கைகால்களில் தசைகள் முறுக்கேறித் தெரியும். இரத்தக் குழாய்கள் கயிறுபோலப் புடைத்து நிற்கும். முன்பின் அறியாதவர்கள், "மல்லன் உடம்பு" என்று கூடச் சொல்வார்கள்.

ஆனால் அந்த உடம்பிலிருந்து சிறிது இரத்தத்தைச் சோதனைக் குழாயில் எடுத்துக் குளிரில் வைத்துப் பாருங்கள். மேற்பரப்பில் பாலாடை போலக் கொழுப்பு திரண்டு நிற்கும். கல்லீரல் கொழுப்பால் வீங்கி, விலா எலும்புக்குக் கீழே கைக்குத் தட்டுப்படும். பன்னிரண்டு, பதினான்கு வயதில் சர்க்கரை நோய் வந்து சேரும். சாதாரண அளவு இன்சுலினுக்கு அது அசைந்து கொடுக்காது. நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான அலகுகள் தேவைப்படுவதும் உண்டு.

கொழுப்பே சேராத உடலில், கொழுப்பு மிகுந்ததால் நோய் வருகிறது. இது எப்படி?

இயற்பியல் கற்பிக்கிறவனுக்கு இதில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். வரவு, இருப்பு, செலவு என்ற ஆற்றல் கணக்கு எங்கே இருக்கிறதோ அங்கே எங்களுக்கும் கொஞ்சம் வேலை உண்டு. இந்தப் புதிருக்கு விடையும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

ஒரு கரண்டி எண்ணெயைப் பின்தொடர்ந்து செல்வோம். சேலம், நாமக்கல் பகுதிகளின் மானாவாரிக் காடுகளில் விளைந்த நிலக்கடலையை ஆட்டி எடுத்த எண்ணெய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனுடன் ஒரு நாமக்கல் முட்டையும் இருக்கட்டும். அதன் மஞ்சள் கருவில் ஏறத்தாழ 5 கிராம் கொழுப்பு இருக்கிறது. எண்ணெய் ஆனாலும், நெய் ஆனாலும், முட்டைக் கொழுப்பு ஆனாலும் அதன் பெரும்பகுதி டிரைகிளிசரைடு என்னும் ஒரே வகைப் பொருள்தான். கிளிசரால் என்ற சிறு மூலக்கூறு ஒன்றின்மீது கொழுப்பு அமிலச் சங்கிலிகள் மூன்று தொங்கிக்கொண்டிருக்கும் அமைப்பு அது.

எண்ணெயும் தண்ணீரும் சேரா. நம் குடலோ நீர் மயமானது. ஆகவே பித்தநீர் முதலில் வந்து எண்ணெயை நுண்ணிய திவலைகளாக உடைக்கிறது. சீயக்காய்த் தூள் தலை எண்ணெயை எடுப்பதும் இதே முறையில்தான். பிறகு கணையத்திலிருந்து வரும் லிப்பேஸ் என்ற நொதி, ஒவ்வொரு டிரைகிளிசரைடிலிருந்தும் இரண்டு கொழுப்பு அமிலங்களைக் கத்தரித்து விடுகிறது. இவ்வாறு துண்டான பொருள்களே குடற்சுவருக்குள் நுழைய முடியும்.

முதல் தடங்கல் இந்த இடத்திலேயே நேரலாம். அதைப் பற்றிச் சொல்லாமல் மேலே போகக் கூடாது. ஏனென்றால், நம் பகுதியின் முக்கியப் பயிர் ஒன்றின்மீது இதற்காக நெடுங்காலம் பழி சுமத்தப்பட்டிருந்தது.

வெப்ப நாடுகளில் இளம் வயதினர் சிலருக்குக் கணையத்தில் சுண்ணாம்புக் கற்கள் உண்டாகின்றன. சிறு வயதிலேயே அடிக்கடி வயிற்று வலி. சில ஆண்டுகள் கழித்துச் சர்க்கரை நோய். கணையம் கெட்டுவிட்டதால் லிப்பேஸ் போதிய அளவு சுரப்பதில்லை. உண்ட கொழுப்பு உடைபடாமல் மலத்தோடு வெளியேறுகிறது; மலம் பிசுபிசுப்பாக, நாற்றத்துடன், நீரில் மிதப்பதாக இருக்கும். உடல் எலும்பும் தோலுமாகும். 1950களில் இந்தோனேசியாவில் பணியாற்றிய சூய்டெமா என்ற மருத்துவர், மரவள்ளிக் கிழங்கையே பெரிதும் உண்ணும் ஏழை மக்களிடையே இந்நோயைக் கண்டார். 1960களில் கேரளத்தில் மருத்துவர் கீவர்கீஸ் ஏராளமான நோயாளிகளை ஆராய்ந்து 1968இல் இதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். அங்கும் கப்பைக் கிழங்கு அன்றாட உணவு. மரவள்ளியில் சயனைடை வெளியிடும் பொருள் ஒன்று இருப்பது உண்மை. எனவே கிழங்கே குற்றவாளி என்ற கருத்து எழுந்தது.

இந்தியாவின் ஜவ்வரிசித் தொழிலுக்குத் தலைநகரம் போன்றது சேலம். 1981இல் தொடங்கப்பட்ட சேகோசர்வ் கூட்டுறவு நிறுவனமும் இங்கேதான் இருக்கிறது. ஆகவே இக்கருத்து நமக்கு அக்கறையுள்ளது. நம் பகுதிக் கிழங்கில் பெரும்பகுதி நேரே ஆலைக்குப் போகிறது; அங்கே அரைத்து, கழுவி, வறுக்கும்போது நச்சின் பெரும்பகுதி நீங்கிவிடுகிறது. அது ஒருபுறம் இருக்க, மரவள்ளியே உண்ணாத பகுதிகளிலும் கணையக்கல் நோய் காணப்பட்டது. மரவள்ளி உண்ணும் ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் அது அவ்வளவாகக் காணப்படவில்லை. பிற்காலத்தில் நோயாளிகள் பலரிடம் ஸ்பிங்க்-1 என்னும் மரபணுவில் மாற்றம் இருப்பது தெரிந்தது. கிழங்கின்மீது சொல்லப்பட்ட குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்பதே இன்றைய நிலை.

இந்நோயில் கொழுப்பு வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுகிறது. உணவோடு நொதி மாத்திரைகளைக் கொடுத்தால் வாசல் ஓரளவு திறக்கும். நாம் முதலில் பார்த்த 'மல்லன் உடம்பு' நோய் முற்றிலும் வேறு. அங்கே வாசலில் குறையே இல்லை. கொழுப்பு நன்றாகச் செரிக்கிறது, உள்ளே வருகிறது. வந்தபின் தங்க இடமில்லை.

நம் எண்ணெயைத் தொடர்வோம். குடற்சுவருக்குள் நுழைந்த துண்டுகள் மீண்டும் ஒட்டி டிரைகிளிசரைடு ஆகின்றன. புரத உறை போர்த்திய சிறு உருண்டைகளாக அவை கட்டப்படுகின்றன. கைலோமைக்ரான் என்று இவற்றுக்குப் பெயர். சர்க்கரை, புரதம் ஆகியவற்றின் செரிபொருள்கள் குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குச் செல்ல, இந்த உருண்டைகள் மட்டும் நிணநீர்க் குழாய் வழியே மார்பின் ஊடாக ஏறி, கழுத்தின் இடப்புற அடியில் இரத்தத்தோடு கலக்கின்றன. கல்லீரலைச் சுற்றிக்கொண்டு போகும் புறவழிச்சாலை என்று சொல்லலாம். நல்ல விருந்துக்குப் பின் இரண்டு மூன்று மணி நேரம் கழித்து எடுத்த இரத்தத்தின் தெளிநீர் சற்றுக் கலங்கலாக இருப்பது இவற்றால்தான்.

இந்த உருண்டைகள் எங்கே இறங்குகின்றன? கொழுப்புத் திசுவிலும் தசையிலும் உள்ள நுண் குழாய்களின் சுவரில் லிப்போபுரத லிப்பேஸ் என்ற நொதி காத்திருக்கிறது. உணவு உண்டபின் இன்சுலின் அளவு உயரும். அப்போது கொழுப்புத் திசுவில் இந்த நொதி சுறுசுறுப்படைகிறது. உருண்டையிலுள்ள கொழுப்பு அமிலங்களைப் பிரித்து அருகிலுள்ள கொழுப்புச் செல்லுக்குள் இறக்கிவிடுகிறது. செல்லுக்குள் அவை மூன்றாம் முறையாக டிரைகிளிசரைடாகி, ஒரே பெரிய துளியாகச் சேர்கின்றன. இரவில் பசித்திருக்கும்போது இன்சுலின் தாழ்கிறது. துளி கரைந்து எரிபொருளாக வெளியே வருகிறது. காலை விழிக்கும்வரை நம் இதயம் ஓடுவது பெரும்பாலும் முன்பு சேமித்த இந்த எண்ணெயில்தான்.

உடல் ஏன் ஆற்றலைச் சர்க்கரையாகச் சேமிக்காமல் கொழுப்பாகச் சேமிக்கிறது? இதற்கு ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1 கிராம் கொழுப்பு ஏறத்தாழ 9 கிலோ கலோரி தரும். மாவுப்பொருள் 4 தான் தரும். அது மட்டுமா? உடலில் மாவுப்பொருள் கிளைக்கோஜன் என்ற வடிவில் இருக்கும்; ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் நீரையும் இழுத்து வைத்துக்கொள்ளும். நடுத்தர உடலில் 10 கிலோ கொழுப்பு இருக்கிறது என்றால் அது 90,000 கிலோ கலோரி. இதையே கிளைக்கோஜனாக வைக்க 22½ கிலோ மாவுப்பொருளும் 67½ கிலோ நீரும் வேண்டும். 10 கிலோவில் முடிகிற சுமைக்கு 90 கிலோ! நாம் நடப்பது இருக்கட்டும், எழுந்து நிற்கவே முடியாது. உண்மையில் உடலில் உள்ள கிளைக்கோஜன் அரை கிலோ அளவுதான். ஒரு நாள் செலவுக்குக் கூடக் காணாது.

ஆகவே கொழுப்புச் செல் வேண்டாத குப்பைக் கிடங்கு ஆகாது. சேர்வராயன் மலையில் பெய்த மழை திருமணிமுத்தாற்றில் இறங்கி, சேலம் வழியாக நாமக்கல் பக்கம் போகிறது. வழியில் ஏரிகள் அதை வாங்கி வைத்துக்கொள்கின்றன. ஏரிகளையெல்லாம் தூர்த்து மேடாக்கிவிட்டால் மழையின் அளவு குறைந்துவிடுமா? அதே மழை பெய்யும். தண்ணீர் தெருவிலும் வீட்டிலும் புகும். கோடையில் கிணற்றில் நீரும் இராது. வெள்ளமும் வறட்சியும் ஒரே ஊரில்! ஏரியில்லாத ஊர்தான் நாம் பேசும் நோயாளியின் உடல்.

இந்நோய்க்கு லிப்போடிஸ்ட்ரோபி என்று பெயர். கொழுப்புத் திசு நலிவு என்று நாம் சொல்லலாம். 1946இல் இலண்டன் மருத்துவர் லாரன்ஸ், கொழுப்புத் திசு மறைந்து, கல்லீரல் வீங்கி, கட்டுக்கடங்காத நீரிழிவுடன் வந்த பெண் ஒருவரைப் பற்றி விரிவாக எழுதினார். அவரும் நீரிழிவு நோயாளி. இன்சுலினால் உயிர் பிழைத்தவர். 1954இல் பிரேசிலில் பெரார்டினெல்லியும், 1959இல் நார்வேயில் சைப்பும் பிறவியிலேயே இக்குறையுள்ள குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். பிறவி வகைக்கு இவ்விருவர் பெயரே நிலைத்துவிட்டது. ஏறத்தாழ ஒரு கோடி மக்களில் ஒருவருக்கு இது இருக்கலாம் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

காரணமான மரபணுக்கள் 2001, 2002ஆம் ஆண்டுகளில் அடுத்தடுத்துப் பிடிபட்டன. ஒன்று சைப்பின் என்ற புரதத்துக்கானது. செல்லுக்குள் கொழுப்புத் துளி உருவாக இது வேண்டும். மற்றொன்று ஏஜிபாட்-2, டிரைகிளிசரைடு கட்டும் வேலையில் ஒரு படியைச் செய்யும் நொதி இது. இரண்டாவதைக் கண்டறிந்த குழுவில் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் பணிபுரியும் அபிமன்யு கார்க் முக்கியமானவர். இதில் எனக்கு வியப்பூட்டிய செய்தி ஒன்று உண்டு. ஏஜிபாட்-2 வகை நோயாளிகளுக்கு உள்ளங்கை, உள்ளங்கால், கண் குழி ஆகிய இடங்களில் கொழுப்பு இருக்கிறது! சேமிப்புக்கான கொழுப்பு மட்டுமே இல்லை. மெத்தையாகப் பயன்படும் கொழுப்பு இருக்கிறது. சைப்பின் வகையில் இரண்டுமே இல்லை. நமக்கு ஒன்றுபோலத் தோன்றும் கொழுப்பில், இயற்கை தாங்குவதற்கு ஒன்றும் சேமிப்பதற்கு ஒன்றுமாகத் தனித்தனியே வைத்திருக்கிறது.

இனி நம் கரண்டி எண்ணெய் அத்தகைய உடலில் என்ன ஆகிறது என்று பாருங்கள். கைலோமைக்ரான்கள் இரத்தத்தில் வந்து கலக்கின்றன. இறங்கும் துறை பெரும்பாலும் இல்லை. தசை தன்னால் இயன்றதை வாங்கிக்கொள்கிறது. மிச்சம் சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் கல்லீரலில் போய்ச் சேர்கிறது. கல்லீரலும் சும்மா இருப்பதில்லை. தன்மேல் விழுந்த கொழுப்பை வேறு உருண்டைகளாகக் கட்டி மறுபடியும் இரத்தத்துக்குள் தள்ளுகிறது. பட்டினி நிலையில் நம் இரத்தத்தில் டெசிலிட்டருக்கு 150 மில்லிகிராமுக்குள் இருக்கவேண்டிய டிரைகிளிசரைடு, இவர்களில் சிலருக்கு ஆயிரங்களில் போகிறது. 1,000ஐத் தாண்டினால் கணையம் திடீரென வெந்து அழலும் ஆபத்து உண்டு. உயிருக்கே கேடான வயிற்று வலி அது.

கல்லீரல் செல்லிலும் தசைச் செல்லிலும் கொழுப்பு புகுந்துவிட்டால், கொழுப்பின் இடைநிலைப் பொருள்கள் சில இன்சுலினின் செய்தியை உள்ளே போகவிடாமல் மறிக்கின்றன. இன்சுலின் கதவைத் தட்டுகிறது, உள்ளே கேட்பதில்லை. கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. மிகுந்த இன்சுலினால் கழுத்திலும் அக்குளிலும் தோல் கறுத்துத் தடித்து வெல்வெட் துணிபோல ஆகிறது. ஒரு நாள் கணையமும் களைத்துப் போக, இரத்தச் சர்க்கரை உயர்ந்துவிடுகிறது. இவ்வளவும் நடப்பது ஒட்டிய கன்னமும் மெலிந்த உடலும் கொண்ட ஒருவருக்கு என்பதை மறந்துவிடாதீர்கள்.

ஏரி உவமை இதுவரை நமக்கு நன்றாக உதவியது. ஆனால் எல்லா உவமைகளையும் போல இதற்கும் ஓர் எல்லை உண்டு. ஏரி தன் நீர்மட்டத்தை மழை மேகத்துக்குச் சொல்லி அனுப்புவதில்லை. கொழுப்புத் திசுவோ சொல்லி அனுப்புகிறது! 1994இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக் கழகத்தில் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழுவினர் இதைக் கண்டுபிடித்தார்கள். கொழுப்புச் செல்கள் லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. 'மெலிந்த' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. "இருப்பு போதும், பசியை நிறுத்து" என்பதே மூளைக்கு அது கொண்டு செல்லும் செய்தி. கொழுப்புத் திசு இல்லாதவர்களுக்கு இந்தச் செய்தி வருவதே இல்லை. ஆகவே ஓயாப் பசி. கொழுப்பு தங்க இடமில்லாத உடல், இன்னும் கொண்டா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. வெள்ளத்தின் நடுவே மடையையும் திறந்துவிட்டது போலத்தான்.

1999, 2000ஆம் ஆண்டுகளில் இரண்டு அழகான சோதனைகள் நடந்தன. கொழுப்புத் திசு இல்லாதபடி உருவாக்கப்பட்ட எலிகளுக்கு ஒரு குழு லெப்டினைக் கொடுத்தது. வேறொரு குழு சாதாரண எலியின் கொழுப்பை எடுத்துப் பொருத்தியது. இரண்டிலும் நீரிழிவு தணிந்தது. சர்க்கரை நோய் எலிக்குக் கொழுப்பைக் கொடுத்து நோயைக் குறைத்தார்கள் என்று முன்பு யாராவது சொல்லியிருந்தால் நாம் சிரித்திருப்போம். 2002இல் அமெரிக்க தேசிய சுகாதார நிலையத்தில் ஒன்பது பெண் நோயாளிகளுக்கு நான்கு மாதம் லெப்டின் ஊசி போடப்பட்டது. டிரைகிளிசரைடு சராசரியாக 60 சதவீதம் குறைந்தது. கல்லீரல் 28 சதவீதம் சுருங்கியது. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி அளவு 1.9 புள்ளி இறங்கியது. மெட்ரெலெப்டின் என்ற பெயரில் இந்த மருந்து ஜப்பானில் 2013இலும் அமெரிக்காவில் 2014இலும் ஐரோப்பாவில் 2018இலும் அனுமதி பெற்றது. விலைதான் மலைக்க வைக்கிறது. நம்மூர் மருந்துக் கடையில் சீட்டைக் காட்டி வாங்கும் பொருளாக அது இன்னும் ஆகவில்லை.

ஆகவே சாப்பாட்டுத் தட்டுதான் நமக்கு எட்டும் மருந்து. இதில் ஒரு பொல்லாத சிக்கல் உண்டு. பிறவி நோயுள்ள குழந்தையைப் பாருங்கள்: குழி விழுந்த கன்னம், குச்சிக் கைகால், முன்தள்ளிய வயிறு. பாட்டிமார் கண்ணுக்கு அது சவலைப் பிள்ளை. சவலைக்கு நெய்யும் முட்டையும் ஊட்டுவது நம் வழக்கம். உண்மையான சவலைக்கு அது நல்லதும்கூட. இந்தக் குழந்தைக்கோ அந்த நெய் முழுவதும் கல்லீரலுக்குப் போகும். வயிறு முன்தள்ளி இருப்பது கல்லீரல் வீக்கத்தால். பசியோடு அள்ளி அள்ளிச் சாப்பிட்டும் சதை பிடிக்காத குழந்தைக்குப் பூச்சி மருந்து கொடுத்துப் பார்ப்பதோடு நின்றுவிடாமல், இரத்தத்தில் டிரைகிளிசரைடு எவ்வளவு என்று ஒரு முறை பார்த்துவிட வேண்டும். சாதாரண ஆய்வகத்திலேயே செய்யக்கூடிய சோதனைதான் அது.

சரி, கொழுப்பை அறவே நிறுத்திவிடலாமா? அதுவும் கூடாது. கொழுப்பை நிறுத்திவிட்டு அந்த இடத்தைச் சோற்றாலும் ஜவ்வரிசிப் பாயசத்தாலும் நிரப்பினால், கல்லீரல் அந்த மாவுப்பொருளிலிருந்தே கொழுப்பைத் தயாரித்துக்கொள்ளும். ஜவ்வரிசி கிட்டத்தட்ட முழுக்க மாவு. 2016இல் பன்னாட்டு மருத்துவர் குழு வெளியிட்ட வழிகாட்டுதல்படி, ஆற்றலில் 50 முதல் 60 சதவீதம் மாவுப்பொருளிலிருந்தும், 20 முதல் 30 சதவீதம் கொழுப்பிலிருந்தும், சுமார் 20 சதவீதம் புரதத்திலிருந்தும் வரலாம். 1,800 கிலோ கலோரி உண்ணும் ஒருவருக்குக் கொழுப்புப் பங்கு 25 சதவீதம் என்றால் 450 கிலோ கலோரி. அதாவது 50 கிராம். சமையலெண்ணெய் மூன்று தேக்கரண்டி, ஒரு முட்டை, பால், தொட்டுக்கொள்ளக் கடலைச் சட்னி என்று போனால் 50 கிராம் கண்ணிமைப்பதற்குள் தீர்ந்துவிடும். டிரைகிளிசரைடு மிக ஏறிய நிலையில் மருத்துவர்கள் இதையும் வெகுவாகக் குறைப்பார்கள்.

கைக்குழந்தைகளுக்குச் சில சமயம் நடுத்தர நீளச் சங்கிலி கொண்ட கொழுப்பைத் தருகிறார்கள். சங்கிலி குட்டையாக இருப்பதால் அது கைலோமைக்ரானாக மாறாமல் குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குச் சென்று எரிந்துவிடும். தேங்காய் எண்ணெயிலிருந்து பிரித்தெடுக்கப்படும் பொருள் இது. அதற்காக வீட்டுத் தேங்காய் எண்ணெயை ஊற்றிவிடாதீர்கள். அதில் பெரும்பகுதி நீண்ட சங்கிலியைப் போலவே நடந்துகொள்ளும்.

ஒரு கோடியில் ஒருவர் என்றால் நமக்கென்ன என்று தோன்றலாம். அந்தக் கணக்கை நம் மாவட்டங்களில் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. இது தாய் வழியாக ஒன்றும் தந்தை வழியாக ஒன்றுமாக இரண்டு பழுதுற்ற மரபணுக்கள் சேர்ந்தால் மட்டுமே வரும் நோய். மரபணுப் பிரதிகள் 3,000க்கு ஒன்று பழுது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். உறவில்லாத இருவர் மணந்தால் குழந்தைக்கு இரண்டும் சேரும் வாய்ப்பு 3,000 × 3,000இல் ஒன்று. அதாவது 90 லட்சத்தில் ஒன்று. மாமன் மகள், அத்தை மகன் மணந்தால் குழந்தைக்கு இரு பக்கமும் ஒரே மூதாதையின் ஒரே பிரதி வந்து சேரும் வாய்ப்பு 16இல் ஒன்று. அந்தப் பிரதி பழுதாக இருக்கும் வாய்ப்பு 3,000இல் ஒன்று. இரண்டையும் பெருக்கினால் 48,000இல் ஒன்று ஆகிறது. அக்காள் மகளைத் தாய்மாமன் மணந்தால் 16க்குப் பதில் 8. ஆகவே 24,000இல் ஒன்று. முதல் கணக்கைவிட 375 மடங்கு!

2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுத் திருமணங்களில் நான்கில் ஒன்றுக்கு மேல் உறவுக்குள் நடந்தவை. சொத்து பிரியாது, பெண் கண்ணெதிரே இருப்பாள் என்பவையெல்லாம் புரிந்துகொள்ளக் கூடிய காரணங்கள்தாம். 24,000இல் ஒன்று என்பதும் தனிக் குடும்பத்துக்குப் பெரிய ஆபத்து ஆகாது. ஆனால் இப்படிப்பட்ட அரிய நோய்கள் ஒன்றல்ல, ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் இதே பெருக்கல் பொருந்தும். ஏற்கெனவே ஒரு குழந்தைக்கு நோய் கண்ட வீட்டிலோ கணக்கே வேறு: அடுத்த குழந்தைக்கு வாய்ப்பு 4இல் ஒன்று.

பிறவியில் வராமல் இடையில் வரும் கொழுப்பு இழப்பும் உண்டு. நாமக்கல் வாசகர்களில் நடுத்தர வயதினர் இதைக் கண்ணால் பார்த்திருக்கக்கூடும். இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி முதன்முதல் 1986இல் சென்னையில் கண்டறியப்பட்டது. லாரித் தொழில் செழித்த நாமக்கல், பின்னர் மாநிலத்தில் இத்தொற்று மிகுந்த மாவட்டங்களில் ஒன்றாகக் கணக்கிடப்பட்டது. 2004 ஏப்ரலில் அரசு இலவசக் கூட்டு மருந்துகளைக் கொடுக்கத் தொடங்கியது. எத்தனையோ உயிர்கள் பிழைத்தன. அம்மருந்துகளில் ஸ்டாவுடின் என்று ஒன்று இருந்தது. கொழுப்புச் செல்லின் ஆற்றல் நிலையமாகிய மைட்டோகாண்டிரியாவை அது நாளடைவில் சிதைத்தது. கன்னம் ஒட்டியது, கைகால் சூம்பி நரம்பு தெரிந்தது, சிலருக்கு டிரைகிளிசரைடும் சர்க்கரையும் ஏறின. மருந்தால் உயிர் பிழைத்தவரை, ஒட்டிய கன்னமே ஊராருக்குக் காட்டிக்கொடுத்தது. நோயை மறைத்து வாழ வேண்டியிருந்த காலத்தில் இது எவ்வளவு பெரிய துன்பம் என்று சொல்லத் தேவையில்லை. 2009இல் உலக நலவாழ்வு நிறுவனம் ஸ்டாவுடினைக் கைவிடப் பரிந்துரைத்தது. நம் நாட்டிலும் அது பின்னர் நிறுத்தப்பட்டது. இழந்த கொழுப்பு மெல்லத்தான் திரும்பும், முழுதாகத் திரும்புவதும் அரிது.

இன்னும் ஒரு வகை, ஒல்லியான நீரிழிவாளர்களில் நம் பக்கம் கூடுதலாகக் காணப்படுவது. சிறு வயது முதல் அரைவயிற்றுக் கஞ்சியில் வளர்ந்தவர்களுக்கு வரும் நீரிழிவு அது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் நிகால் தாமசும் நியூயார்க் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியின் மெரிடித் ஹாக்கின்சும் (இயற்பியலார் பெயர் எங்கெல்லாம் போய்ச் சேர்கிறது பாருங்கள்!) தென்னிந்திய ஆண்கள் 73 பேரை ஆராய்ந்து 2022இல் முடிவை வெளியிட்டார்கள். எடை மிகக் குறைந்த நீரிழிவாளர்களுக்கு இன்சுலின் சுரப்பே குறைவு. கல்லீரலிலும் கொழுப்பு குறைவாகவே இருந்தது. நாம் பார்த்த கொழுப்புத் திசு நலிவுக்கு இது நேர் எதிர். ஒரே மெலிந்த தோற்றம். ஒருவருக்கு இன்சுலின் வெள்ளமாக இருந்தும் பயனில்லை, மற்றவருக்கு இன்சுலினே போதவில்லை. ஒருவருக்கு எண்ணெயைக் குறைக்க வேண்டும். மற்றவருக்கு நல்ல சாப்பாடு போட வேண்டும். 2025 ஏப்ரலில் பாங்காக்கில் கூடிய பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு இதை ஐந்தாம் வகை நீரிழிவு என்று ஏற்றது. தனி வகையாகப் பிரிப்பது சரியா என்ற வாதம் அறிஞரிடையே இன்னும் ஓயவில்லை.

ஒல்லியான நீரிழிவு நோயாளி ஒருவர் முன்னால் வந்து நிற்கும்போது மருத்துவர் இவற்றை எப்படிப் பிரித்தறிகிறார்? கணையக் கல்லை வயிற்று எக்ஸ்ரே படமே பெரும்பாலும் காட்டிவிடும். கழுத்துக் கறுப்பும் இரத்தத்தின் டிரைகிளிசரைடும் கொழுப்புத் திசு நலிவைச் சுட்டும். அதோடு மிக எளிய சோதனை ஒன்றும் உண்டு. தொடையின் முன்புறத் தோலை இரு விரலால் கிள்ளித் தூக்கி, நம் ஆய்வகத்து வெர்னியர் அளவியின் உறவினன் போன்ற ஒரு கருவியால் அந்த மடிப்பின் கனத்தை அளப்பார்கள். ஆண்களுக்கு 10 மில்லிமீட்டர், பெண்களுக்கு 22 மில்லிமீட்டர், அல்லது அதற்கும் குறைவு என்றால் ஐயம் வலுக்கும். ஊட்டமின்றி மெலிந்தவரிடமும் மடிப்பு மெல்லியதாகவே இருக்கும் என்பதால், அளந்து முடித்தபின் மருத்துவர் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று மிச்சமிருக்கிறது: சிறு வயதில் வீட்டில் மூன்று வேளையும் அடுப்பு எரிந்ததா?